ரங்கெலின் நாக்கு

குழாயைத் திறப்பதற்கு முன் ரங்கெல் பீப்பாயின் வயிற்றில் காதை வைத்துக் கேட்கிறார். உள்ளே முட்டைக்கோசு புளிக்கிற சத்தம் கேட்குமாம். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அடியில் இருக்கும் குழாயைக் கொஞ்சமாகத் திருகி, எனாமல் குவளையில் இரண்டு வாய் அளவுக்கு உப்புநீர் பிடிக்கிறார். முகர்ந்து பார்க்கிறார். ஒரு வாய் ஊற்றி, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டுகிறார். துப்பப்போகிறார் என்று நினைத்துப் புதிதாகக் குடிவந்தவர்கள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். அவர் துப்பமாட்டார்.

"துப்பிட்டா பாதிதான் தெரியும். தொண்டைல எறங்கும்போதுதான் உப்பு எவ்வளவுன்னு புடிபடும்" என்பார்.

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கட்டடத்தின் நிலவறையில் கால் வைக்க இடம் இருக்காது. வீட்டுக்கு ஒரு நீலப் பீப்பாய். முழுக் கோசுகளின் தண்டைக் குடைந்து, குழியில் கல்லுப்பை அடைத்து, அடுக்கி, உப்புநீர் ஊற்றி மூடிவைப்பார்கள். தினமும் அடியிலிருந்து நீரைப் பிடித்து மேலே ஊற்றவேண்டும். உப்பு குறைந்தால் கோசு குழைந்து நாறிவிடும். கூடினால் புளிக்காமல் அப்படியே விறைத்துக்கொண்டு நிற்கும். கிறிஸ்துமஸுக்கு அந்த இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைக்கும் சர்மி இல்லாவிட்டால், ஆற்றங்கரையிலுள்ள எங்கள் லோம் நகரத்தில் அதை யாரும் பண்டிகை என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நான் கடைக் கோசு வாங்குகிற ஆள். அதனால் கட்டடத்தில் எனக்கு மரியாதை கொஞ்சம் மட்டுதான்.

உப்பு சரியா என்று சொல்ல ரங்கெலை விட்டால் ஆள் கிடையாது. எடைக்கல்லும் அளவுக் கரண்டியும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. ஆனாலும் ரங்கெல் தலையாட்டாமல் ஒரு பீப்பாயும் மூடப்படுவதில்லை. அவருக்கு முன்னால் அந்தப் பதவி அவருடைய அப்பாவிடம் இருந்தது.

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரிலுள்ள பழைய லிஃப்டுகள் எல்லாம் அவர் கைக்குத்தான் அடங்கும். குள்ளமான, அகலமான மனிதர். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் உப்பு போட்டு வறுத்த சூரியகாந்தி விதை. லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே இருந்தபடி குசலம் விசாரிப்பார். கம்பி அறுந்துவிடுமோ என்று யாராவது அலறினால், "தாங்கும்மா, தாங்கும்" என்று ஒரே பதில்தான். எதற்கும் அவர் சொல்வது அதுதான். பனிக்காலத்தில் கூரை ஒழுகினாலும் தாங்கும், மூன்று கிளாஸ் திராட்சைச் சாராயத்துக்குப் பிறகு நாலாவது வந்தாலும் தாங்கும்.

போன வருடம் கோடையில், வேலைக்கான வருடாந்தரப் பரிசோதனைக்குப் போன இடத்தில், டாக்டர் வெலிகோவா அவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி மூன்று முறை காற்றடித்துப் பார்த்தார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரங்கெலின் மனைவி ஸெவ்தா, உள்ளே நடந்த பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்து எனக்கு அப்படியே ஒப்பித்தாள்.

"நூத்தி முப்பத்தெட்டு, கீழ எண்பத்தெட்டு."

"அப்ப நோய் இல்லதானே டாக்டரம்மா?"

"நோய்னு இப்ப சொல்லமாட்டேன். நல்லா இருக்கீங்கன்னும் சொல்லமாட்டேன். விளிம்புல நிக்கறீங்க."

"தாங்கும்."

"அண்ணே, இந்த வார்த்தைய லிஃப்டோட வெச்சுக்கங்க. இப்படி விளிம்புல நிக்கிறவங்கள்ல ரொம்பப் பேரு கொஞ்ச வருஷத்துல ஒரேடியா பிரஷர்காரங்களா ஆயிடறாங்க. வலி இருக்காது, மயக்கம் இருக்காது, நமக்கே தெரியாது. உங்களுக்கு எடை இருக்கு, சாராயம் இருக்கு, உப்பு இருக்கு. இதுல உங்கப்பா வேற. ஆனா இப்ப திரும்பினா மாத்திரையே வேணாம். உப்ப விடுங்க. நடங்க."

அப்பாவைப் பற்றி டாக்டர் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த மனிதருக்கும் பத்து வருடம் 'கொஞ்சம் கூடத்தான், ஒண்ணுமில்ல' என்றே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முள்கரண்டி கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அதன்பிறகு மூன்று வருடம் கட்டிலில் கிடந்தார். கட்டடத்துக்கே உப்புச் சொன்ன நாக்கால் தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியவில்லை. ரங்கெல் வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் அவருக்குக் கஞ்சி ஊட்டினார், கடைவாயில் வழிந்ததைத் துடைத்தார். அப்பா விழுந்த வயதை ரங்கெல் இப்போது நெருங்கிக்கொண்டிருக்கிறார். இதை அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அன்று டாக்டரிடமிருந்து வீட்டுக்கு வந்ததும், சட்டைப் பையிலிருந்த விதைகளை ஜன்னல் வழியாகப் புறாக்களுக்குக் கொட்டிவிட்டார்.

மனிதர் எடுத்தால் முழுதாக எடுக்கிறவர், விட்டால் முழுதாக விடுகிறவர். ஆகஸ்டு மாதம் தொடங்கி அந்த வீட்டில் உப்பு என்ற பேச்சே இல்லை. ஸெவ்தா வெள்ளைப் பாலாடைக்கட்டியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை இறக்கினாள். சூப்பில் எலுமிச்சையும் பூண்டும் போட்டாள். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் காரஉப்பை எனக்குக் கொடுத்துவிட்டாள். "மொத வாரம் அட்டைய மென்னு தின்ற மாதிரி இருந்துச்சு" என்று ரங்கெல் படிக்கட்டில் நின்று முறையிட்டார். அப்போதுதான் அவர் படியேறிப் பழக ஆரம்பித்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர்காரர் படியேறிப் போவதைப் பார்த்து எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் பயந்தார்கள், லிஃப்டில் ஏதோ கோளாறு என்று. அக்டோபரில் அதே மனிதர், "தக்காளில எவ்வளவு உப்பு இருக்குன்னு இப்பதான் தெரியுது, தோட்டத்துலயே யாரோ தூவிட்டுப் போன மாதிரி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதில் இருந்த ஆபத்து எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

நவம்பர் வந்தது. நிலவறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

முதல் பீப்பாய் தரைத்தளத்து கீரோவுடையது. டாக்ஸி ஓட்டுகிறவன், வாய் பெரிது. அந்த வருடம் அவன் மகள் ஜெர்மனியிலிருந்து கல்யாணத்துக்குப் பின் முதல்முறையாகப் புருஷனோடு வருவதாக இருந்தாள். மாப்பிள்ளைக்கு நம் ஊர் சர்மி போட்டு அசத்தவேண்டும் என்று நல்ல தட்டைக் கோசாகத் தேடி நதியோர கிராமத்திலிருந்து ஏற்றி வந்திருந்தான். ரங்கெல் குவளையை வாயில் வைத்த உடனேயே முகத்தைச் சுளித்தார்.

"என்னடா கீரோ, கடலையே கொண்டுவந்து ஊத்திட்டியா?"

"அளந்துதான் போட்டேண்ணே. எனக்குச் சரியாத்தான் படுது."

"உன் நாக்கு சிகரெட்ல வெந்த நாக்கு. பாதிய எறக்கிட்டு நல்ல தண்ணி ஊத்து."

"பாதியா?"

"பாதிதான். நான் சொல்றேன்ல?"

அவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த பீப்பாயும் கரித்தது. அதற்கடுத்ததும். இந்த வருடம் எல்லாருக்கும் கை நீண்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே வரிசையாகத் தண்ணீர் ஊற்றவைத்தார். மூன்றாவது மாடிக் கிழவர் ஒருவர் மட்டும், தனக்கு அப்படித் தெரியவில்லையே என்று முணுமுணுத்தார். மற்றவர்கள் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். மாதக்கணக்காக உப்பில்லாமல் இருந்த நாக்குக்கு ஒரு துளி உப்பும் ஒரு கைப்பிடியாகத் தெரியும் என்று அந்த நிலவறையில் யாருக்கும் தோன்றவில்லை.

டிசம்பர் ஆரம்பத்தில், மாலுமிகளின் புனிதரான நிக்கோலாஸ் திருநாளுக்குப் பீப்பாய்களைத் திறந்தார்கள். கோசு கையில் எடுத்தால் கூழாக வழிந்தது. நாற்றம் லிஃப்ட் குழி வழியாக ஏழாவது மாடிவரை ஏறியது. மூடுபனி வேறு, ஜன்னலைத் திறந்தாலும் எதுவும் வெளியே போகவில்லை. கட்டடம் முழுக்க வாளி வாளியாகக் குப்பைத் தொட்டிக்குச் சுமந்தது. கீரோ மாப்பிள்ளைக்குக் கடையில் விற்கும் பாக்கெட் கோசில் சர்மி செய்து போட்டான். மாப்பிள்ளை நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னானாம். அதுதான் கீரோவுக்குப் பொறுக்கவில்லை.

அதே வாரம் டாக்டர் வெலிகோவா பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். நூற்றி இருபத்திரண்டு, கீழே எழுபத்தெட்டு. "நூத்துல ஒருத்தர்கூட இப்படிச் செய்யறதில்ல அண்ணே. நீங்க திரும்பி வந்துட்டீங்க" என்றார். ரங்கெல் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றாராம். ஸெவ்தா கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். கட்டடத்து வாசலில் கீரோ நின்றிருந்தான்.

"அண்ணே, கேக்கா? கொஞ்சம் நக்கிப் பாத்துச் சொல்லு, சர்க்கரை ஜாஸ்தியா இருந்தா தண்ணி ஊத்திக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரங்கெலும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது தப்பு. திருப்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும்.

குளிர்காலம் முழுக்க அது ஓயவில்லை. லிஃப்டின் உள்சுவரில் யாரோ 'உப்பில்லாத ரங்கெல்' என்று கிறுக்கினார்கள். அதைத் துடைக்கவேண்டியவரும் அவர்தான். கண்ணாடி துடைக்கிற திரவத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். லிஃப்ட் நின்றுபோனால், "நாக்கு போன மாதிரி கையும் போச்சோ?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. அவர் படியில்தான் ஏறி இறங்கினார். டாக்டர் சொன்னதற்காக என்று நான் நினைத்தேன். லிஃப்டில் யார் முகத்தையும் பார்க்கவேண்டாம் என்பதற்காக என்று ஸெவ்தா சொன்னாள்.

யாரும் அவரை அடிக்கவில்லை, வையவில்லை. வெறும் கேலிதான். ஆனாலும் எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் அப்போது வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு மனிதர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டதற்கு நாங்கள் கொடுத்த பரிசு அது. படியில் ஒருநாள் அவரை நிறுத்தி, நாக்கு கெட்டுப்போகவில்லை, இப்போதுதான் சரியாக வேலை செய்கிறது என்று சொல்லிப்பார்த்தேன். "நீ கடைக் கோசு வாங்கற ஆளு. உனக்கு என்ன தெரியும்?" என்று மேலே போய்விட்டார். ஆறு மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினார் என்பதை நான் கவனித்தேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரலில் ஸெவ்தா அவரைப் பால்கனியில் பிடித்தாள். தகர டப்பாவில் கரண்டி விட்டு, பாலாடைக்கட்டி மிதக்கும் உப்புநீரை ரொட்டியில் ஊற்றித் தின்றுகொண்டிருந்தார். எங்கள் பால்கனி அதற்கு நேர்கீழே. காதை மூடிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"என்னய்யா பண்ற?"

"பழக்கிக்கறேன்."

"எதுக்கு?"

"நவம்பருக்கு."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? டாக்டரம்மா கைகொடுத்தாளே, மறந்துட்டியா?"

"அவ ஒருத்திதான் கொடுத்தா."

"உங்கப்பனுக்குக் கஞ்சி ஊட்டினது யாரு? நானா? நீதானே ஊட்டின? நாளைக்கு உனக்கு ஊட்ட என்கிட்ட தெம்பு இருக்கா, கேட்டியா?"

ஆற்றில் ஒரு படகு சங்கு ஊதிக் கடந்தது.

"அப்பா படுத்துக் கெடந்தப்பவும் நிலவறைல அவர் பேரச் சொல்லித்தான் உப்பு போட்டாங்க, ஸெவ்தா. நான் எழுந்து நடமாடிட்டு இருக்கேன். எம்பேரச் சொல்ல ஒருத்தன் இல்ல."

அவள் டப்பாவைப் பிடுங்கி வீசியெறிந்தாள். அது கீழே புல்லில் விழுந்தது. பூனைகள் வந்து சேர்ந்தன. ஆனால் ஸெவ்தா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். பகல் முழுக்க வீட்டில் இல்லாதவள். எத்தனை டப்பாவைத்தான் வீசமுடியும்? மே மாதத்தில் சட்டைப் பையில் விதை திரும்பியது. ஜூனில் சாராயமும் அதற்குத் தொட்டுக்கொள்ள உப்புக்கறியும் வந்துசேர்ந்தன. செப்டம்பரில் படியேறுவது நின்றது. லிஃப்டில் என்னைப் பார்த்தபோது, எதையோ ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், "நேத்து ஸெவ்தா வெச்ச சூப்பு வெறும் தண்ணி மாதிரி இருந்துச்சு. சரியாய்ட்டு வருது" என்றார். முகம் சிவந்திருந்தது. நன்றாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது.

இந்த நவம்பரில் முதலில் கூப்பிட யாருக்கும் துணிவில்லை. மூன்றாவது மாடிக் கிழவர்தான் கூப்பிட்டார். ரங்கெல் காதை வைத்துக் கேட்டு, குடித்து, "ஒரு கை உப்பு குறையுது" என்றார். கிழவர் அளவுக் கரண்டியால் சரிபார்த்தார், குறைந்துதான் இருந்தது. சேதி மாடிக்கு மாடி ஏறியது. அடுத்தடுத்த நாட்களில் ஆள்மேல் ஆள் வந்தார்கள். பீப்பாய்க்கு இரண்டு வாய். சந்தேகம் வந்தால் இன்னும் இரண்டு. மறுநாள் திரும்பவும். லிஃப்டுகள் எல்லாம் ஊரில் பாதியில் நின்றன; ரிப்பேர்காரர் நிலவறையில் இருந்தார்.

கோடையிலிருந்து அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வருடாந்தரப் பரிசோதனை போன செவ்வாய்க்கிழமைதான் நடந்தது. இந்த முறை ஸெவ்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், தனியாக உட்கார்ந்து கேட்கத் தைரியமில்லை என்று. அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, இடைவெளியில் உள்ளே பார்க்கமுடிந்தது. பட்டையின் காற்று இறங்குகிற சத்தம் நாலு தடவை கேட்டது. வலது கை, இடது கை, மறுபடி வலது, மறுபடி இடது. அதற்கு முன்பே, ஒரு முழுநாள் பிரஷரை அளக்கும் கருவியைக் கையில் கட்டி அனுப்பியிருந்தார்கள். அதன் கணக்கும் மேஜைமேல் இருந்தது.

"நூத்தி அறுபத்திநாலு, கீழ நூறு. இது விளிம்பு இல்ல அண்ணே. உள்ள போயிட்டீங்க."

"மறுபடி உப்ப விட்டா?"

"விட்டுத்தான் ஆகணும். ஆனா இனிமே அது மட்டும் போதாது. மாத்திரை. தெனமும், காலைல ஒண்ணு. முதல் மாத்திரைய இன்னைக்கே போட்டுடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்ல. இனிமே எப்பவும்."

பக்கத்தில் ஸெவ்தா என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"டாக்டரம்மா, அந்த மாத்திரை நாக்கோட ருசியக் கெடுக்குமா?"

"போன வருஷம் நீங்க திரும்பி வந்தப்ப நான் எல்லார்கிட்டயும் சொன்னேன், என் பேஷண்ட் ஒருத்தர் பண்ணிக்காட்டினாருன்னு" என்றார் டாக்டர். மருந்துச் சீட்டை நீட்டினார். "ருசிய ஒண்ணும் பண்ணாது. போங்க."

மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு மூன்று பேரும் நடந்தே வந்தோம். ஆற்றுப்பக்கமிருந்து பனி வந்து தெருவை மூடியிருந்தது. கட்டடத்து வாசலில் கீரோ நின்றிருந்தான். ஒரு வருடமாக ரங்கெலிடம் கேலியைத் தவிர வேறெதுவும் பேசாதவன், சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

"அண்ணே… பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத. பொண்ணு மாசமா இருக்கா. பண்டிகைக்கு வர்றா. எம்பீப்பாயையும் ஒருதடவ பாத்துடு."

ரங்கெலின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவர் அப்பா படுத்ததிலிருந்து அப்படி ஒரு மலர்ச்சியை அந்த முகத்தில் நான் கண்டதில்லை. உடம்பில் ஓடுகிற ரத்தம் இந்த மனிதருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தும், எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்காக என்னையே நொந்துகொண்டேன்.

"முதல்ல மேல வந்து மாத்திரையப் போடு. அப்புறம் எங்க வேணா போ" என்றாள் ஸெவ்தா.

"கீழயே போட்டுக்கறேன். டாக்டரம்மா இன்னைக்கேன்னு சொன்னாளே, எங்கன்னு சொல்லலியே."

"தண்ணிக்கு எங்க போவ?"

அவர் நிலவறைப் படியில் இறங்கினார். நாங்களும் பின்னால் இறங்கினோம். கீரோ விளக்கைப் போட்டான். ரங்கெல் பீப்பாயில் காதை வைத்தார், குழாயைத் திருகினார், குவளையை நிரப்பினார். இரண்டு வாய் அளவு இல்லை, விளிம்புவரை. அதை முழங்காலில் நிறுத்திவைத்துக்கொண்டு, மேல்சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, கட்டை விரலால் தகட்டை அழுத்தி, முதல் மாத்திரையை உள்ளங்கையில் தள்ளினார். "ஐயோ, வேண்டாம்யா" என்று ஸெவ்தா ஓரடி முன்னால் வந்தாள். அதற்குள் மாத்திரையை நாக்கில் வைத்து, குவளை உப்புநீரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கண்ணை மூடியபடி தொண்டைக்குழியில் விரலை வைத்து, இறங்கும்வரை காத்திருந்து, கீரோவைப் பார்த்துத் தலையாட்டினார்.